கரை காணுமுன் எழுதிய கடிதம்

கெஸியா டாட் அன்று பிற்பகலுக்குள் பதினோரு கடிதங்கள் எழுதி முடித்திருந்தாள். பதினோரு கடிதத்திலும் எல்லோரும் நியூயார்க்கில் சுகமாக வந்து இறங்கிவிட்டார்கள். ஆனால் 'ஆர்ட்மோர்' கப்பல் இன்னும் நடுக்கடலில்தான் இருந்தது. கரையைக் காண முழுசாக இரண்டு நாள் பாக்கி.

இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. அந்தக் கப்பல்களில் அதுதான் வழக்கம். சனிக்கிழமை காலை ஆர்ட்மோர் துறைமுகத்துக்குள் நுழையும். அன்று நண்பகலே அதே கம்பெனியின் 'ஷானன்' தபாலை ஏற்றிக்கொண்டு அயர்லாந்து வழியாக லிவர்பூலுக்குக் கிளம்பிவிடும். இறங்கிய பிறகு காகிதம் தேடி, எழுதத் தெரிந்த ஆளைத் தேடி உட்கார்ந்தால் ஷானனின் புகைதான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலைக்குள் கடிதங்களைத் தபால் அதிகாரி ஆக்டனிடம் சேர்த்துவிட வேண்டும். அவர் பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு முத்திரை வைப்பார். பை இந்தக் கப்பலிலிருந்து நேரே அந்தக் கப்பலுக்குப் போகும்.

கெஸியா கீழ்த்தளத்துப் பெண்கள் பகுதிக்கு மேட்ரன். லிவர்பூல்காரி, ஐம்பதை நெருங்குகிறவள். கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அதே கடலில் வேலை பார்க்கிறவள். வாந்தி வாளியைக் கழுவுவதும், அழுகிற பெண்ணின் தலையைத் தடவுவதும், படுக்கப் போகுமுன் எல்லோருக்காகவும் முழங்காலிட்டு ஜெபிப்பதும் அவளுக்கு ஒரே வேலையின் மூன்று பாகங்கள். கடிதம் எழுதுவது நாலாவது.

"மாட்டுக்கறி ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு போடுங்கம்மா," என்றாள் பன்னிரண்டாவதாக வந்து உட்கார்ந்த, அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக்காரி.

"நீதான முந்தாநாள் அதைத் தூக்கிக் கடல்ல எறிஞ்ச?"

"மீனுக்குப் பிடிச்சிருந்துச்சே! என் மாமியார் நான் பட்டினி கிடக்கேன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியட்டுமா? போடுங்கம்மா."

பலகை மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெஸியா 'சாப்பாட்டுக்குக் குறைவில்லை' என்று எழுதினாள். அளவில் குறைவில்லை என்பது உண்மைதான். மனசாட்சிக்கு அது போதும்.

அடுத்து டீலியா ஹெகார்ட்டி வந்தாள். இருபத்து மூன்று வயது. இடுப்பில் ஒன்றரை வயது மகள், பெயர் நெல். அவள் புருஷன் டெனிஸ் அமெரிக்கா போய் இரண்டு வருஷமாகிறது. மகளின் முகத்தை இன்னும் பார்த்ததில்லை. கட்டட வேலை. இரண்டு அறை பார்த்துவிட்டேன், துறையில் சிவப்புக் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நிற்பேன் என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை டீலியா இந்தப் பயணத்தில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது.

"அப்பாவுக்கும்மா. கொஞ்சம் கவனமா எழுதணும்."

"என்ன கவனம்?"

டீலியா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். அவள் அப்பாவிடம் வீட்டோடு சேர்ந்த ஒரு குத்தகை வயல் இருந்தது. அவரும் டீலியாவின் தம்பியும் அதில்தான் பிழைத்தார்கள். நவம்பர் முதல் தேதிக்குள் நிலச்சொந்தக்காரரின் காரியஸ்தரிடம் போய் வயலை விட்டுவிடுகிறேன் என்று சொன்னால் உண்டு. இல்லையென்றால் மே மாதம் வரை நகர முடியாது. விட்டுவிட்டாலோ, மறுநாளே அதில் வேறு குடும்பம் ஏறிவிடும். திரும்பக் கேட்கவே முடியாது.

"நீ போய்ப் பாரு, டெனிஸ் இருக்கான், வீடு இருக்குன்னு உன் வாயால தெரிஞ்சா அன்னைக்கே போய் வயலை விட்டுட்டு, தம்பியைக் கூட்டிட்டு வந்துடுறேன்னு சொன்னாரு. இந்தக் கப்பல் தபால் இருபத்தெட்டாந் தேதி வாக்குல ஊருக்குப் போயிடும். புதன்கிழமை கப்பல்னா ஒண்ணாந் தேதி தாண்டிடும். தம்பிக்கு நெஞ்சு சளி. இன்னொரு குளிர்காலம் அந்த வீட்டுல தாங்க மாட்டாம்மா."

கெஸியா பேனாவை மையில் தொட்டவள் அப்படியே நிறுத்தினாள். "டீலியா, துறையை இன்னும் நாம பாக்கலியே."

"துறை எங்க போயிடும்?"

"துறை போகாது. நான் அதுக்குச் சொல்லல."

"டெனிஸும் எங்கயும் போக மாட்டாரு. அவரு மாசாமாசம் எழுதுறவரு." அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "எல்லாருக்கும்தான எழுதுனீங்க. எனக்கு மட்டும் என்னவாம்?"

கெஸியா எழுதினாள். டெனிஸ் துறையில் காத்திருந்தார். சுகமாக இருக்கிறார். இரண்டு அறை தயாராக இருக்கிறது. வயலை விட்டுவிட்டுத் தம்பியோடு புறப்பட்டு வாருங்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நெல் மேசைக்கு அடியிலிருந்து கெஸியாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கெஸியாவின் கை தானாக இன்னொரு வரி எழுதிவிட்டது: 'கைக்குட்டையை அவிழ்த்து நெல்லுக்குக் கட்டிவிட்டு, அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு துறை முழுக்க நடந்தார்.'

அதைப் படித்துக் காட்டியதும் டீலியா வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "அம்மா, நேர்ல பாத்த மாதிரியே இருக்கு!"

வெள்ளிக்கிழமை மாலை ஆக்டன் அரக்கை உருக்கினார். ஒல்லியான, வயிற்றுவலிக்கார மனிதர். தபால் விஷயத்தில் தன் சொந்த அண்ணனுக்கும் விட்டுக்கொடுக்காதவர் என்று பேர். எல்லாவற்றையும் ஒரு நாள் முந்தி முடித்துவிடுவது அவர் பெருமை.

"மறந்துட்டேன், விட்டுட்டேன்னு நாளைக்கு எவளாவது வந்து அழுதா, உங்களைத்தான் பையில போட்டுக் கட்டுவேன், மிஸஸ் டாட்."

"என்னைப் போட்டா பை கிழிஞ்சிடும் மிஸ்டர் ஆக்டன்."

அவர் சிரிக்கவில்லை. முத்திரையை அழுத்தினார்.

சனிக்கிழமை வெயிலும் காற்றுமாக விடிந்தது. கீழ்த்தளத்துக்காரர்களைப் படகில் ஏற்றி, குடியேற வருகிறவர்களைப் பதிவு செய்யும் காசில் கார்டன் மண்டபத்தில் கொண்டு போய் விட்டார்கள். தனியாக வந்த பெண்களின் பட்டியலைக் கொடுக்க கெஸியாவும் கூடப் போனாள். வட்டமான அந்தப் பெரிய மண்டபத்தில், வந்து காத்திருக்கிற உறவுக்காரர்கள் பெயர் கொடுக்க, மேடையில் நின்ற ஒருவர் உரக்கக் கூப்பிடுவார். பெயர் கேட்டவர்கள் மூட்டையோடு ஓடுவார்கள். பெயர் கேட்காதவர்கள் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பார்கள். மாமியாருக்குக் கறிப் பெருமை எழுதிய கெர்ரிக்காரி முதல் ஆளாக ஓடிப் போய் அண்ணன் கழுத்தில் தொங்கினாள்.

பத்து மணிக்குச் சற்று முன் டீலியாவின் பெயர் வந்தது. அவள் ஓடின வேகத்தில் கெஸியாவும் பின்னால் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவன் கழுத்தில் கைக்குட்டை எதுவும் இல்லை. நாற்பது வயது ஆள். சுண்ணாம்பு படிந்த சட்டை. தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான்.

"டெனிஸ் சம்சாரமா? நான் ஃபின்டன் ரூர்க். அவனோட வேலை பாக்குறவன். மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் தங்கச்சி, அவன் உசுரோட இருக்கான்."

டீலியா நெல்லை இறுக்கிக்கொண்டாள். "என்ன ஆச்சு?"

"மூணு வாரமாச்சு. சாரத்துல இருந்து விழுந்துட்டான். கால் ரெண்டு எடத்துல ஒடிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில கெடக்கான். நடப்பான்னு டாக்டர் சத்தியம் பண்றாரு, ஆனா வசந்தம் வரணுமாம். கடிதாசு போட்டா நீ கப்பல் ஏறினப்பறம்தான் வரும், வீணா எதுக்குன்னு விட்டுட்டான்."

"வீடு?"

அவன் தொப்பியைப் பார்த்தான். "அந்த ரெண்டு ரூமையும் வேற ஆளுக்கு விட்டுட்டாங்க. சாமான் எங்க வீட்டுல இருக்கு. நீயும் புள்ளையும் எங்களோட இருங்க. என் பொண்டாட்டி திட்டுவா. எல்லாரையும்தான் திட்டுவா. ஆனா சோறு போட்டுக்கிட்டேதான் திட்டுவா."

டீலியா சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள். உயிரோடு இருக்கிறான், நடப்பான் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். திடீரென்று அவள் முகம் வெளுத்தது. கெஸியாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா! அப்பாவோட கடிதம்!"

கெஸியாவுக்கு அதற்கு முன்பே நெஞ்சில் தட்டிவிட்டது. கூரையில்லாமல் நிற்கப் போகும் ஒரு கிழவர், சளி நெஞ்சோடு ஒரு பையன். எல்லாம் அவள் கையெழுத்தில். கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டுத்தான் இருந்தார்கள். ஆனால் அது பெரிய வங்கிக்காரர்களுக்கு. இவர்களுக்குத் தபால்தான், தபாலுக்கு ஷானன்தான், ஷானன் கிளம்ப இரண்டு மணி நேரம்தான்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ. புள்ளையைக் காட்டு. கடிதம் எழுதினது நான், அதை நான் பாத்துக்கறேன்."

"என்ன எழுதுவீங்க?"

"நீ சொல்லு."

டீலியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க என்ன பாத்தீங்களோ அதை எழுதுங்கம்மா. ஒண்ணும் சேர்க்க வேணாம்."

அது குத்திக்காட்டிச் சொன்னதல்ல. அதனாலேயே கெஸியாவுக்குச் சுருக்கென்றது.

அவள் துறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். வழியெல்லாம் ஆண்டவரிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் நிற்காமல் இருக்கட்டும் என்று கேட்டாள். ஷானனின் ஏணிப்படி அடியில் தபால் மூட்டைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஆக்டன் பட்டியலோடு நின்றிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்துத் தரக் கேட்டாள்.

"முடியாது."

"மிஸ்டர் ஆக்டன்..."

"மிஸஸ் டாட், முத்திரை வெச்சப்பறம் அது யாருக்குப் போகுதோ அவங்க சொத்து. எழுதினவ கேட்டாலும் குடுக்க முடியாது, கேப்டன் கேட்டாலும் முடியாது. நான் இன்னைக்கு ஒரு பையைப் பிரிச்சா, நாளைக்கு என் பையை எவன் நம்புவான்?"

அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. கடல் கடந்து வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் ஏழைகள் அந்த நியாயத்தை நம்பித்தான் ஒப்படைக்கிறார்கள். அவள் வாதாடவில்லை. ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வாதாடாதது ஆக்டனை என்னவோ செய்தது.

"இன்னொண்ணு எழுதிப் போடுங்களேன். கிளம்புற வரைக்கும் தாமதத் தபால் பெட்டி திறந்திருக்கும்."

"அதுல போட்டா எப்பப் போய்ச் சேரும்?"

அவர் தாடையைச் சொறிந்தார். "அது தனிப் பை. அயர்லாந்துல, குயின்ஸ்டவுன் துறையில இறக்கினதும் மொதல் ரயிலுக்குப் போகாது. ஒரு நாள் பிந்தும்."

"ஒரு நாள் போதும். அந்த மனுஷன் கடிதம் படிச்ச அன்னைக்கே காரியஸ்தர்கிட்டப் போயிடுவாரு."

ஆக்டன் பட்டியலைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வலி வந்தால் அப்படிப் பிடிப்பார். இப்போது வந்தது வேறு வலி.

"ஷானன்ல பிரைஸ்னு ஒருத்தன் இருக்கான்," என்றார் மெதுவாக. "தபால் பிரிக்கிறவன். மூணாம் நாள் நடுக்கடல்ல வெச்சு அவனே பைகளைத் திறந்து ஊர் ஊராப் பிரிப்பான். அது அவன் வேலை, அதுல விதி மீறல் இல்ல. ரெண்டாவது கடிதத்தை அவன் கையில குடுத்தா, மொதல் கடிதம் வெளிய வர்றப்போ ரெண்டையும் ஒண்ணா கட்டிடலாம்."

"அப்ப சொல்லுங்களேன்!"

"நான் அவனோட பேசி நாலு வருஷமாச்சு."

"ஏன்?"

"என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னான். பத்துப் பேர் முன்னால."

கெஸியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். "மிஸ்டர் ஆக்டன், நான் எழுதினது பொய்னு ஒரு பெரியவருக்கு இப்ப எழுதப் போறேன். எனக்கும் அது கஷ்டமாத்தான் இருக்கு."

ஆக்டன் தன் பேனாவை எடுத்து நீட்டினார்.

மூட்டையின் மேல் காகிதத்தை வைத்து அவள் எழுதினாள். 'ஐயா, இதோடு வரும் கடிதத்தை உங்கள் மகளுக்காக எழுதியவள் நான்தான். கப்பல் கரை சேருமுன் எழுதினேன். டெனிஸ் துறைக்கு வரவில்லை. கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வசந்தத்தில் நடப்பார் என்று சொல்கிறார்கள். அறைகள் இப்போது இல்லை. டீலியாவும் குழந்தையும் சுகம். நல்ல மனிதர் ஒருவர் வீட்டில் தங்குகிறார்கள். வயலை விட வேண்டாம். டீலியா மறுபடி எழுதும்வரை பொறுங்கள். குழந்தையைத் தோளில் தூக்கினார் என்ற வரி நானாகச் சேர்த்தது. அது நடக்கவில்லை. என்னை மன்னியுங்கள். கெஸியா டாட், ஆர்ட்மோர் கப்பல் மேட்ரன்.'

ஆக்டன் ஒரு துண்டுச் சீட்டில் 'இரண்டும் ஒரே வீட்டுக்கு. சேர்த்துக் கட்டவும். இது மேலே இருக்கட்டும்' என்று குறித்தார். ஒவ்வொரு எழுத்தையும் பள்ளிப் பையன் போல அழுத்தி, வட்டம் வட்டமாக எழுதியதைக் கெஸியா கவனித்தாள். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏணியில் ஏறினார். மேலே கைப்பிடியோரம் ஒரு குட்டையான மனிதர் நின்றார்.

"பிரைஸ்."

"அடேங்கப்பா! வாயில அரக்கு வெச்சிருந்தியே ஆக்டன், உருகிடுச்சா?"

"ஒரு உதவி."

பிரைஸ் சீட்டை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். ஆக்டன் குனிந்து ஏதோ சொன்னார். நிறைய நேரம் சொன்னார். பிரைஸின் முகத்திலிருந்து கேலி மெதுவாக இறங்கிப் போனது. சட்டைக்கு உள்பையில், மார்போடு சேர்த்து, கடிதத்தை வைத்துக்கொண்டார்.

"கோழி இப்ப கொஞ்சம் தேறியிருக்கு," என்றார். "போ. நான் பாத்துக்கறேன்."

பன்னிரண்டு மணிக்கு ஷானன் ஊதியது.

அதன் பிறகு ஆறு வாரம் கெஸியாவுக்கு எதுவும் தெரியாது. லிவர்பூல் போனாள், துணி துவைத்தாள், ஜெப வீட்டில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் முகம் தெரியாத ஒரு கிழவர் பூட்டின வீட்டு வாசலில் மூட்டையோடு நிற்பார். டிசம்பர் தொடக்கத்தில் ஆர்ட்மோர் மறுபடி அமெரிக்காவுக்குப் புறப்பட்டு, தபாலுக்காகக் குயின்ஸ்டவுனில் நங்கூரமிட்டது. ஆப்பிளும் லேஸும் விற்கிற படகுக்காரிகள் கயிற்றைப் பிடித்து மேலே ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி, "மேட்ரன் டாட் யாரு? இந்தாங்க, காசெல்லாம் வேணாம், ஒரு வாத்தியார் குடுத்தனுப்பினாரு," என்று ஒரு பொட்டலத்தை மடியில் போட்டுவிட்டு, அடுத்த ஆளிடம் ஆப்பிள் விற்கப் போய்விட்டாள்.

உள்ளே ஒரு ஜோடி சின்னக் கம்பளிக் காலுறை. ஒரு கடிதம். டீலியாவின் அப்பா சொல்லச் சொல்ல ஊர் வாத்தியார் எழுதியது.

'அம்மா, இரண்டு கடிதமும் ஒரே காலையில் வந்தன. சிவப்பு நூலில் கட்டியிருந்தது. வாத்தியார் மேலே இருந்ததைத்தான் முதலில் படித்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு காரியஸ்தர் வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்றவன் உட்கார்ந்துவிட்டேன். வயல் இருக்கிறது. பையனை அடுப்புப் பக்கம் படுக்க வைத்திருக்கிறேன். கூரை ஓட்டையையும் கொஞ்சம் அடைத்தேன். மே மாதம் வருவோம். நீங்கள் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். அந்தத் தோள் வரியை வாத்தியாரை இன்னும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இன்னும் நடக்கவில்லை என்று தெரியும். எரிக்க மனம் வரவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன். அவன் கால் தேறட்டும். காலுறை பேத்திக்கு.'

கெஸியா அதை ஆக்டனிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். "சிவப்பு நூல்! பிரைஸுக்கு எதுலயும் ஆடம்பரம்," என்றார்.

அந்தப் பயணத்திலும் கரை காண இரண்டு நாள் இருக்கும்போது பெண்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். கெஸியா எழுதினாள், கடல், சாப்பாடு, கூட வந்தவர்கள், எல்லாம். துறையைப் பற்றிய இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள்.

"இங்க ஏம்மா காலியா விடுறீங்க?" என்றாள் ஒரு பெண்.

"அங்க பாத்துட்டு எழுதுவோம். நான் பென்சிலோட மண்டபத்துலயே நிப்பேன்."

"பையைக் கட்டிடுவாங்களே?"

கெஸியாவுக்கும் அந்தக் கவலைதான். வெள்ளிக்கிழமை மாலை பயந்துகொண்டே ஆக்டனின் அறைக்குப் போனாள். மற்றப் பைகள் எல்லாம் கட்டி, சிவப்பு முத்திரையோடு சுவரோரம் நின்றன. ஒரே ஒரு சின்னப் பை மட்டும் வாய் திறந்து கிடந்தது. மேசையில் கம்பெனி விதிப் புத்தகம் விரித்திருந்தது.

"சனிக்கிழமை பதினோரு மணி வரைக்கும் நேரம் இருக்குன்னு போட்டிருக்கு," என்றார் ஆக்டன், அவளைப் பார்க்காமல். "இத்தனை வருஷமா நான்தான் சரியாப் படிக்கல போலிருக்கு. தவிர, இந்தத் தடவை வாங்கின அரக்கு மட்டம். உருகவே மாட்டேங்குது."

அரக்கு உருக்கும் மெழுகுவத்தி ஏற்றப்படாமலே நின்றது. கெஸியா அவர் வயிற்றுக்கு இஞ்சித் தண்ணீர் போட்டுக் கொண்டுவரத் திரும்பினாள்.